கண்டக்டர் பச்சியப்பனின் தாடை

வாயைத் திறந்தால் வலிக்கிறது என்று சொல்வதற்கும் வாயைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. பச்சியப்பனுக்கு வந்த நோவில் அவருக்கு முதல் எரிச்சல் இது. இரண்டாவது எரிச்சல், சொன்ன பிறகு வந்தது. கேட்டவர்கள் எல்லாரும் அந்த நிமிஷமே வைத்தியராகிவிட்டார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர், மொரப்பூர் வழியாகக் கம்பைநல்லூர் போகும் தனியார் பேருந்தில் அவர் இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டர். வீடு மொரப்பூரில். பொதுவாக ஒரு மனிதனுக்கு நோவு வந்தால் தெருவில் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். கண்டக்டருக்கு வந்தால் இரண்டு தாலுகாவே சொல்லும். கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னார் ஒரு வாத்தியார். காதில் பூண்டு எண்ணெய் விடச் சொன்னார் முன் சீட்டில் தினமும் வரும் புளி வியாபாரி. "அது பல்லுங்க கண்டக்டரே, புடுங்கிப் போட்டா செரியாப் போயிடும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னதை நம்பி, கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டும் வந்துவிட்டார். பல் போனதுதான் மிச்சம். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

காலையில் எழும்போதே இரண்டு பக்கத் தாடையும் கல்லாக இறுகியிருக்கும். மத்தியானத்துக்குள் வலி காதுக்கும் நெற்றிக்கும் ஏறிவிடும். சப்பாத்தியை மென்றால் கண்ணில் தண்ணீர் வரும். களி இருந்ததால் பிழைத்தார். வலி மாத்திரை தின்று தின்று வயிறும் புண்ணாகிப்போனது.

இதோடு வேலையும் செய்ய வேண்டும். கண்டக்டர் வேலை என்றால் டிக்கெட் கிழிப்பது என்று நினைப்பவர்கள் ஒரு முகூர்த்த நாளில் அந்தப் பேருந்தில் ஏறிப் பார்க்கலாம். ஒரு கையில் டிக்கெட் மெஷின், மறு கை மேல் கம்பியில், விரலிடுக்கில் மடித்த நோட்டுகள். விசிலைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அது முதல் டிரிப்பில் பல்லுக்கு நடுவில் ஏறினால் கடைசி டிரிப்பில்தான் இறங்கும். விசிலைக் கடித்தபடியே ஊர்ப் பெயர்களைக் கூவுவார், சண்டை போடுவார், சில்லறை கேட்பார். நிறுத்த ஒரு ஊதல், கிளம்ப இரண்டு. டிரைவர் தர்மனுக்கு அந்தச் சத்தம்தான் கண். முதலாளி மாதவராஜுக்கோ கண்டக்டர் என்றால் தொண்டையும் விசிலும்தான். இரண்டும் இல்லாதவனை வண்டியில் வைத்துக்கொள்ள மாட்டார். நாற்பத்தைந்து வயதில் வண்டியைவிட்டு இறங்கினால் வேறு என்ன தெரியும்? பச்சியப்பனுக்கு வலியைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

கடைசியில் மனைவி கலைச்செல்வி அவரைத் தர்மபுரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தாடை நோவுக்கென்றே பார்க்கும் டாக்டர் எழிலரசி, தாடையை அழுத்திப் பார்த்தார், திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். பல்லில் ஒன்றுமில்லை, மெல்லுகிற தசைதான் ஓயாமல் இறுகி வீங்கிக் கிடக்கிறது என்றார்.

"வெத்தலை போடுவீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"பாக்கு? ஹான்ஸ் பொகையில? நகம் கடிக்கிறது, பேனா மூடி கடிக்கிறது?"

"எந்தக் கெட்ட பழக்கமும் இல்லீங்க" என்றார் பச்சியப்பன், கொஞ்சம் பெருமையாகவே.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்று கலைச்செல்வி போட்டுக்கொடுத்தாள். டாக்டர் தாடைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், மாத்திரை மாற்றினார், பல்லில் மாட்டிக்கொண்டு தூங்க அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் கவசம் செய்து கொடுத்தார். அதை நான்காம் நாள் கலைச்செல்வி சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். கவசம் வற்றல் மாதிரி சுருண்டது. மறுபடி ஒன்று செய்தார்கள். மூன்று மாதம் போயும் வலி பாதிதான் குறைந்தது.

அப்போதுதான் டாக்டர் ஊசியைப் பற்றிச் சொன்னார். போட்டாக்ஸ் என்று பெயர்.

"இது ஒரு கிருமி உண்டாக்குற நஞ்சுலேருந்து எடுக்குற மருந்து. மறைச்சு வெச்சுச் சொல்ல மாட்டேன். ரொம்ப ரொம்பக் கொஞ்சமா, இறுகிக் கெடக்குற தசையில மட்டும் போட்டா, அது தளரும். மூணு நாலு மாசம் நிக்கும், அப்பறம் தானா எறங்கிடும். தாடை வலிக்கு எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்ல முடியாது."

"ஆபத்து உண்டுங்களா?"

"போட்ட எடத்துல வலி, கன்னிப்போறது சாதாரணம். கொஞ்ச நாள் மெல்ல பலம் இருக்காது. மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினா சிரிப்பு ஒரு பக்கம் கோணலாம். அதுவும் தானா செரியாகும். முழுங்க முடியல, மூச்சு வாங்குது, பேச்சு குழறுதுன்னா மட்டும் ஒரு நிமிஷம் நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அபூர்வம், ஆனா தெரிஞ்சிருக்கணும்."

இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேறு பத்துக் கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு, யோசித்து வரச் சொன்னார். நல்ல டாக்டர். பச்சியப்பன் செய்த தப்பு, அந்த யோசனையை வண்டியில் வைத்துச் செய்தது. தர்மனிடம்தான் சொன்னார். தர்மன் ரகசியம் பேசினாலும் என்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவன். அரூர் போவதற்குள் வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

"விஷத்தைப் போயி மூஞ்சியில ஏத்திக்குவாங்களா?" என்றார் புளி வியாபாரி.

ஒரு பெண் செல்போனை நீட்டினாள். அதில் ஏதோ வெள்ளைக்காரி முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு அழுதாள். "போட்டவங்க கதியப் பாருங்கண்ணா." இன்னொருவன், தன் மச்சினிச்சிக்குத் தெரிந்த பியூட்டி பார்லரில் அதே ஊசியைப் பாதி விலைக்குப் போடுகிறார்கள் என்றான். பச்சியப்பன் அடுத்த முறை டாக்டரிடம் இதைக் கேட்டுவைக்க, அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எங்க வாங்குனாங்க, ஐஸ்ல இருந்துச்சா, எத்தனை யூனிட்டு, எந்தத் தசை? எதுவும் தெரியாம ஒருத்தர் குத்துவாங்க, நீங்க மூஞ்சியக் காட்டுவீங்களா?"

பச்சியப்பன் ஊசிக்குச் சம்மதம் என்று டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். ஆனால் மனதுக்குள் ஒரு முடிவெடுத்துக்கொண்டார்: இனி இந்த ஊசியைப் பற்றி ஒரு ஈ காக்கைக்கும் சொல்வதில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அத விட்டுட்டேங்க" என்றார். கலைச்செல்வியையும் வாயைக் கட்டச் சொன்னார். எல்லாத் தொல்லையும் இங்கேதான் ஆரம்பித்தது. அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஐம்பது பேருக்கு நடுவில் நின்று வேலை செய்கிற மனிதன், தன் மூஞ்சியை மட்டுமாவது தனக்கென்று வைத்துக்கொள்ள நினைத்திருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஊசி போட்டார்கள். பக்கத்துக்கு மூன்று குத்து. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார்: நாலு மணி நேரம் படுக்கக் கூடாது. இன்றைக்கும் நாளைக்கும் கன்னத்தைத் தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, எண்ணெய் கூடாது, ஒத்தடம் கூடாது.

பச்சியப்பன் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். கலைச்செல்வி சத்துணவு வேலைக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து அக்கா தீர்த்தம்மாள் வந்தாள்.

தீர்த்தம்மாளைத் தெரியாதவர்கள் மொரப்பூரில் குறைவு. சுளுக்கு எடுப்பதில் அவள் கை அப்படி. கழுத்துப் பிடித்தவன், இடுப்புப் பிடித்தவன், மூட்டை தூக்கித் தோள் இறங்கியவன் எல்லாரும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி அவள் வழித்துவிட்டால் எழுந்து நடந்து போவார்கள். பைசா வாங்க மாட்டாள். இந்தத் தம்பியின் தாடை மட்டும் அவள் கைக்கு மசியவில்லை. அதில் அவளுக்கு ரோஷம்.

"லீவு போட்டுட்டு ஒக்காந்திருக்கறியாம். படுக்கக்கூட முடியலயாடா?" என்றாள். நேராக அடுப்படிக்குப் போய் எண்ணெயைச் சூடு பண்ணினாள்.

"வேணாங்க்கா."

"என்னாத்துக்கு வேணாம்?"

அதற்குப் பதில் ஒரே ஒரு வாக்கியம். ஊசி போட்டிருக்கிறேன், தொடக் கூடாது. அவ்வளவுதான். அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும் என்று இந்த மனிதன் வாயை மூடிக்கொண்டார். அக்கா அரை மணி நேரம் வழித்தாள். கன்னத்து எலும்பிலிருந்து தாடை வரைக்கும், தாடையிலிருந்து வாயோரம் வரைக்கும், இரண்டு கட்டை விரலாலும், இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு. பச்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட்டார். வாயைத் திறந்திருந்தால் சாமியைக் கூப்பிட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பத்து நாள் கழித்து வலி நிஜமாகவே குறைந்தது. மனிதன் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு இரண்டு சப்பாத்தி தின்றார். அதே நாள் சாயங்காலம் கம்பைநல்லூர் ஸ்டாண்டில் வண்டி கிளம்ப விசில் ஊதினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"அண்ணே, ஊதுங்க" என்றான் தர்மன்.

"ஊதிட்டேண்டா."

"கேக்கலயேண்ணே."

மறுபடி ஊதினார். இடது வாயோரம் மூடாமல் காற்று அந்தப் பக்கமாகவே ஓடியது. டீ குடித்தால் சட்டையில் ஒழுகியது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்தார். வலது பக்கம் சிரித்தது. இடது பக்கம் அவரைப் பார்த்து முறைத்தது.

பிறகு கேட்கவா வேண்டும்? "விஷ ஊசி போட்டுக்கிட்டீங்களா கண்டக்டரே?" என்றார்கள். "இல்லீங்க" என்றார். ஊசி இல்லையென்றால் பக்கவாதம்தான் என்று அடுத்த ஸ்டாப்புக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். மொரப்பூரில் இறங்கியபோது தீர்த்தம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஸ்டாப்பிலேயே நின்றாள். "காத்தடிச்சு வாயி கோணிருச்சு சாமி, வா, இப்பவே வழிச்சு நேராக்கிடறேன்" என்று கையை நீட்டினாள்.

"தொடாத!" என்று கத்திவிட்டார் பச்சியப்பன். அக்காளிடம் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. வண்டி முழுக்கப் பார்த்தது. தீர்த்தம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தர்மபுரியில் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், தண்ணீரை முழுங்கச் சொன்னார். பக்கவாதம் இல்லை, முழுங்குவதிலும் மூச்சிலும் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கேட்டார்.

"தேய்ச்சீங்களா?"

"இல்லீங்க."

"தேய்ச்சீங்களா, பச்சியப்பன்?"

"கொஞ்சம்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரந்தானுங்க. விளக்கெண்ணெய்."

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "தேய்ச்சதாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது" என்றார். "நான் ஊசி போட்ட எடம் ஒரு நூல் முன்னாடி போயிருந்தாலும் இது நடக்கும். ஆனா சொன்னதக் கேட்டிருந்தா, நாம ரெண்டு பேரும் இப்பிடிக் கொழம்ப வேண்டியதில்ல."

"மாத்து மருந்து?"

"கெடையாது. தானா எறங்கும். சில வாரம் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம். இன்னொரு ஊசி போட்டு நேராக்கறேன்னு யாராச்சும் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க."

மூன்று மாதம் என்றதும் பச்சியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வேலை போயிடுங்க மேடம். இது ஊதாம நான் எப்பிடி கண்டக்டர்?" என்று சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். கறுப்பு பிளாஸ்டிக் விசில். வாயில் வைக்கிற முனை இரண்டு பக்கமும் எலி கரண்டிய மாதிரி பல் பதிந்து, குழிந்து, நைந்து கிடந்தது.

"இது எத்தனை வருஷத்து விசில்?"

"எட்டு மாசந்தானுங்க. முன்ன இருந்தது கடிச்சு ஒடஞ்சு போச்சு."

"கடிச்சா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இத பல்லுல வெச்சிருப்பீங்க?"

"வண்டி ஓடற நேரம்பூராங்க. ஒரு பன்னெண்டு, பதிமூணு மணி நேரம்."

"வெத்தலையா, பாக்கா, பேனா மூடியான்னு வரிசையா எல்லாம் கேட்டேனே! ஒரு தடவை இதச் சொன்னீங்களா?"

"அதெல்லாம் கெட்ட பழக்கங்க மேடம்" என்றார் பச்சியப்பன், இவருக்கு ஏன் கோபம் என்று புரியாமல். "இது தொழில்."

டாக்டர் எழிலரசி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பல் போயிற்று, ஒரு கவசம் போயிற்று, வயிறு போயிற்று, வாய் கோணிற்று. இத்தனைக்கும் காரணத்தில் முக்கால்வாசி, பத்து ரூபாய் விசிலாக மேஜைமேல் கிடந்தது.

இனி அதைப் பல்லில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். முதலாளி மாதவராஜோ, முகம் நேராகும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். அந்த "இருக்க" என்பதன் அர்த்தம் இருவருக்கும் தெரியும். தர்மன்தான் குறுக்கே வந்தான். "கையில தகரத்தைத் தட்டட்டும் மொதலாளி. எனக்கு நல்லாக் கேக்கும். ஒரு வாரம் பாருங்க." அப்படியே படிக்கட்டுப் பக்கத்துத் தகரத்தில் ஒரு தட்டு நிறுத்த, இரண்டு தட்டு கிளம்ப என்று வண்டி ஓடியது. உள்ளங்கை வீங்கினாலும் வேலை தப்பியது. முதலாளி ஒரு நாள் சொல்லாமல் அரூரில் ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

இப்போது புது ரோதனை வேறு பக்கமிருந்து வந்தது. தினமும் யாராவது ஒருவர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஏறுவார். "ஒங்க அக்கா கையே வெக்க மாட்டேங்குதுங்க. என்னான்னு கேளுங்க." பச்சியப்பனுக்கு அப்புறம்தான் தெரிந்தது, கலைச்செல்வி ஒரு நாள் கோபத்தில் எல்லாவற்றையும் தீர்த்தம்மாளிடம் சொல்லிவிட்டாள் என்று. அன்றிலிருந்து அக்கா இந்த வீட்டுக்கு வரவில்லை. வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். போய்ப் பேசலாம் என்று பச்சியப்பன் ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தார். போய் என்ன சொல்வது? கோணல் வாயோடு போய் நின்றால் அதைப் பார்த்தே அவள் அழுவாள். அவருக்கு அவர்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பத்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மொரப்பூரில் தீர்த்தம்மாள் வண்டி ஏறினாள். அரூருக்குக் காய் வாங்கப் போகிறாள். தம்பியைப் பார்க்காமல் சில்லறையை நீட்டினாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பக்கத்து சீட்டில் ஒரு பெண் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆயா, நல்ல வேளை நீங்களே வந்தீங்க. கொஞ்சம் புடிச்சு வுடுங்களேன்."

"எங்கையி ஆவாதும்மா" என்றாள் தீர்த்தம்மாள். "எங்கையால எந்தம்பிக்கே வாயி கோணிப்போச்சு."

பச்சியப்பன் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினார். வண்டியில் அறுபது பேர் இருந்தார்கள். புளி வியாபாரி முன் சீட்டில் இருந்தார். செல்போன்காரப் பெண்ணும் இருந்தாள்.

"எல்லாருங் கேட்டுக்குங்க!" என்று கத்தினார். "அந்த ஊசிய நான் போட்டுக்கிட்டது நெசந்தான். நல்லாக் கேட்டுச்சு, வலி போயிருச்சு. தேய்க்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாங்க. ஒங்க வாய்க்கெல்லாம் பயந்துக்கிட்டு எங்க அக்காகிட்டயே சொல்லாம மறைச்சேன். அது தெரியாமத் தேய்ச்சிருச்சு." அக்காளிடம் குனிந்தார். "ஒங்கையி மேல ஒரு தப்பும் இல்ல அக்கா. தப்பு எம்பேர்ல. நான் வாயத் தொறக்கல."

வண்டியில் ஒருவரும் ஒரு வைத்தியமும் சொல்லவில்லை. தீர்த்தம்மாள் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தினபோது இரண்டு ஓரமும் சமமாகத்தான் அசைந்தது. அதை அவள்தான் முதலில் கண்டாள். முந்தானையைப் பிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, ஊசி கீசி எதுனா போட்டிருக்கியா? மறைக்காமச் சொல்லு."

"இல்லீங்க ஆயா."

"டாக்டரு தொடக் கூடாதுன்னு எதுனா சொல்லியிருக்காங்களா?"

"இல்லீங்க."

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

அப்புறம்தான் கையை வெளியே எடுத்து அவள் கழுத்தில் வைத்தாள்.

"அண்ணே, போலாமா?" என்றான் தர்மன், கண்ணாடியில் பார்த்தபடி.

பச்சியப்பன் தகரத்தைத் தட்டக் கையை ஓங்கினார். என்ன தோன்றியதோ, மணிக்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த விசிலை விரலால் பிடித்து, பல் படாமல், உதட்டில் மட்டும் வைத்து ஊதினார். காற்று ஒழுகவில்லை. இரண்டு ஊதல், மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். வண்டி கிளம்பியது. அவர் விசிலைக் கயிற்றில் தொங்கவிட்டார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அது பழக்கதோஷத்தில் கடைவாய்க்கு ஏறப் பார்த்தது. தீர்த்தம்மாள் சீட்டிலிருந்தே எட்டி அவர் கையில் ஒரு அடி போட்டாள்.